பல மரம் கண்ட தச்சனும் பெட்டியடிப் பையனும்: நிறையத் திறன்கள் கற்பதால் யாருக்கு லாபம்?

வேலைக்கு இன்று தேவைப்படும் முக்கியத் திறன்களில் 39 சதவீதம் 2030-க்குள் மாறிவிடும் என்று நிறுவனங்கள் எதிர்பார்ப்பதாக, உலகப் பொருளாதார மன்றத்தின் 2025 ஜனவரி அறிக்கை சொன்னது. அது செய்தியாகி, காணொளியாகி, கடைசியில் 'ஒரு வேலை மட்டும் தெரிந்தவன் காலி' என்ற வாட்ஸ்அப் தகவலாகக் காரைக்குடி வரை வந்து சேர்ந்துவிட்டது. ஏற்கெனவே 2022 மார்ச்சில் தொடங்கிய தமிழக அரசின் 'நான் முதல்வன்' திட்டத்தில் கல்லூரிப் பிள்ளைகள் பாடத்தோடு கூடுதல் பயிற்சிகளும் எடுக்கிறார்கள். ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்கலாம் என்று அதே ஆண்டு ஏப்ரலில் பல்கலைக்கழக மானியக் குழுவான யூஜிசி சொல்லிவிட்டது. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் தாத்தாவோ 'பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்' என்கிறார்.

யார் சொல்வது சரி? இரண்டு தரப்பும் பேசுவது ஒரே விஷயத்தைத்தானா என்று முதலில் பார்க்க வேண்டும்.

முதலில் சொற்களைப் பிரித்துக்கொள்வோம்

திறன் என்பது செய்து காட்டக்கூடியது. பணியாரத்துக்கு மாவு எந்தப் பதத்தில் இருக்க வேண்டும் என்று தெரிந்திருப்பது அறிவு. ஐம்பது பேர் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது, புது அடுப்பில், கருகாமல் சுட்டு எடுப்பது திறன். சான்றிதழ் இந்த இரண்டிலும் சேராது. நீங்கள் ஒரு வகுப்பில் இருந்தீர்கள் என்பதற்கு அது சாட்சி, அவ்வளவுதான். 'இரண்டு மாதத்தில் ஏழு திறன்கள்' என்ற விளம்பரங்கள் பெரும்பாலும் இந்த மூன்றாவதைத்தான் விற்கின்றன.

அடுத்து, 'பல திறன்' என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வேறு வேறு சங்கதிகள் ஒளிந்திருக்கின்றன.

1. ஒரே தொழிலைச் சுற்றி நிற்கும் திறன்கள். தையற்காரர் அளவெடுப்பது, வெட்டுவது, தைப்பது, விலை சொல்வது எல்லாம் இதில் வரும்.
2. மாற்றுப் பிழைப்பு. இந்த வேலை போனால் அந்த வேலை.
3. அன்றாட வாழ்க்கைக்கானவை. சமைப்பது, நீந்துவது, வங்கிப் படிவத்தைத் தானே நிரப்புவது.

மூன்றாவதைப் பற்றி விவாதமே தேவையில்லை. அது எல்லோருக்கும் வேண்டும். குழப்பமெல்லாம் முதல் இரண்டில்தான். அறிக்கை பேசுவது பெரும்பாலும் முதல் வகையைப் பற்றி. அதைப் படித்துவிட்டுப் பயந்துபோய் மக்கள் ஓடுவது இரண்டாவதைத் தேடி.

ஒரே வேலை எப்படி ஜெயித்தது

ஒன்றை மட்டும் செய்வதற்கு ஆதரவான வாதம் லேசுப்பட்டதில்லை. 1776-இல் ஆடம் ஸ்மித் குண்டூசித் தொழிற்சாலையை உதாரணம் காட்டினார். பழக்கமில்லாத ஒருவர் தனியாகச் செய்தால் நாளுக்கு 20 ஊசி செய்வதே கஷ்டம். வேலையைக் கூறுபோட்டு, ஒருவர் கம்பி இழுக்க, ஒருவர் வெட்ட, ஒருவர் முனை சீவ, பத்துப் பேர் சேர்ந்து நாளுக்கு 48,000 ஊசி செய்தார்கள். திரும்பத் திரும்பச் செய்வதால் கை வேகம் பிடிக்கிறது, ஒரு வேலையை வைத்துவிட்டு இன்னொன்றை எடுக்கும்போது வீணாகும் நேரம் மிச்சம், ஒரே வேலையையே பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அதற்கென்று ஒரு கருவி செய்யத் தோன்றுகிறது. இந்த மூன்றும்தான் காரணம் என்றார் ஸ்மித். மூன்றும் இன்றைக்கும் பொருந்தும். கண் அறுவை சிகிச்சைக்குப் போகிறவர், அதையே ஆயிரம் முறை செய்த கையைத்தான் தேடுவார். அங்கே சகலகலா வல்லவர் யாருக்கும் வேண்டாம்.

ஆனால் இந்தக் கணக்கு பலிக்க ஒரு நிபந்தனை உண்டு. பக்கத்தில் மற்ற ஒன்பது பேரும் இருக்க வேண்டும், நாளைக்கும் அதே ஊசி விற்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லையென்றால், முனை சீவ மட்டும் தெரிந்தவர் பாடு திண்டாட்டம்தான்.

தாத்தாவின் பழமொழியையும் இங்கேயே பார்த்துவிடலாம். அந்தத் தச்சன் பல தொழில் கற்றவன் இல்லை. பல மரங்களைப் பார்த்துவிட்டு, 'இதைவிட அது தேவலை' என்று எதிலும் உளி வைக்காமல் நிற்பவன். மாதம் ஒரு பயிற்சியில் சேர்ந்து பாதியில் விடுகிறவருக்கு அது அப்படியே பொருந்தும். நான்கு திறனை ஒரே மரத்தில் இறக்குகிறவருக்குப் பொருந்தாது.

பெட்டியடியில் கற்றது

செட்டிநாட்டில் இதற்கு ஒரு பழைய முன்மாதிரி இருக்கிறது. பர்மா, இலங்கை, மலாயா, சைகோன் என்று 'கொண்டு விற்க'ப் போய், வட்டிக்குக் கடன் கொடுக்கும் தொழில் செய்த நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்), மீசை முளைக்காத பையன்களையும் கப்பலில் கூட்டிப்போனார்கள். பல கடைகள் ஒரே கூடத்தில் வரிசையாக இயங்கும் கட்டடத்துக்குக் கிட்டங்கி என்று பெயர். அங்கே ஒவ்வொரு கடைக்கும் ஒரு பெட்டி. அதன் அருகில் உட்கார்ந்து தொழில் பழகுகிறவன் பெட்டியடிப் பையன். தேறினால் உதவியாளரான அடுத்தாள், பிறகு கடையை நடத்தும் மேலாள்.

பையன் என்னென்ன கற்றான்? முதலில் கீழ்வாயிலக்கம், அதாவது பின்ன வாய்பாடு. மா என்றால் 20-இல் ஒன்று, காணி 80-இல் ஒன்று, முந்திரி 320-இல் ஒன்று. இதெல்லாம் மனப்பாடம். காகிதம் எடுக்காமல் வட்டி சொல்லத் தெரிய வேண்டும். அப்புறம் கணக்குப் புத்தகமான பேரேடு எழுதுவது, இருப்புநிலைக் கணக்கான ஐந்தொகை எடுப்பது, ஊருக்குப் போகும் கடிதங்களைப் பிசகாமல் படியெடுப்பது. கடன் கேட்டு வருகிறவரின் மொழியில் நாலு வார்த்தை பேசுவது. அடகுக்கு வந்த நகையை எடைபோடுவது, நிலத்தை மதிப்பிடுவது. எல்லாவற்றுக்கும் மேல், எதிரே உட்கார்ந்திருக்கும் ஆள் திருப்பிக் கட்டுவாரா என்று முகம் பார்த்துச் சொல்வது. இதற்கு மட்டும் வாய்பாடு கிடையாது. மேலாள் யாருக்கு மறுத்தார், யாருக்குக் கொடுத்தார் என்று ஆண்டுக்கணக்கில் பார்த்துப் பார்த்துத்தான் பிடிபடும்.

எண்ணிப் பார்த்தால் ஏழெட்டுத் திறன் தேறும். ஆனால் எல்லாமே ஒரே கேள்வியை நோக்கி நிற்கின்றன: கொடுத்த பணம் வட்டியோடு திரும்பி வருமா? கணக்கு தெரிந்து பர்மிய மொழி தெரியாவிட்டால் ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். அவருக்குக் கூலி கொடுக்க வேண்டும், தொழில் ரகசியமும் அவர் காதுக்குப் போகும். ஒவ்வொரு திறனும் ஒரு இடையாளைக் குறைத்தது. பல திறன் கற்பதன் பொருளாதாரம் முழுக்க இந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடும் என்பது என் எண்ணம்.

ஊரில் இருந்த ஆச்சிமார்களை, அதாவது வீட்டுப் பெண்களை, இந்தக் கதையில் பலரும் விட்டுவிடுவார்கள். ஆண்கள் மூன்று ஆண்டுத் தவணையில் கடல் தாண்டி இருந்தபோது வேலையாட்கள், சீர்வரிசை, விருந்து, கையிருப்பு எல்லாம் அவர்கள் பொறுப்பு. கொட்டான் என்ற ஓலைக்கூடை முடைவதிலிருந்து முறுக்கு, சீடை, அதிரசத்தைக் கெடாமல் டின்னில் அடைப்பது வரை அன்று வீட்டு வேலையாக இருந்தவை இன்று காரைக்குடிக் கடைகளில் எடை போட்டு விற்கும் சரக்கு.

பர்மா கைவிட்டுப் போன பிறகு

சரி, இவ்வளவு கற்றும் அந்தத் தொழில் ஏன் சரிந்தது? 1930-இல் கீழ்பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்களிடம் இருந்த விளைநிலம் 6 சதவீதம். 1938-இல் அது 25 சதவீதம். கேட்பதற்கு வளர்ச்சி மாதிரி இருக்கும். நடந்தது தலைகீழ். உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்தது, விவசாயிகளால் கடனைக் கட்ட முடியவில்லை, பணத்துக்குப் பதில் நிலம் வந்து சேர்ந்தது. கைமாறிக்கொண்டே இருக்க வேண்டிய மூலதனம், சேற்றில் போய் உறைந்துவிட்டது. நிலம் இழந்தவர்களின் கோபம் வேறு. 1942-இல் ஜப்பானியப் படை வந்தது. 1948-இல் நில நாட்டுடைமைச் சட்டம். 1963-இல் வங்கிகளும் நாட்டுடைமை.

திறன் பலவாக இருந்தாலும், அவை ஒரே நாட்டில், ஒரே பயிரின் விலையைச் சார்ந்து நின்றன. எண்ணிக்கை அவர்களைக் காப்பாற்றவில்லை. ஆனால் நிலத்தைக் கப்பலில் ஏற்ற முடியாது, கணக்கு எழுதும் கையை ஏற்றலாம். 1937 பிப்ரவரி 10 அன்று எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் தொடங்கிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்றிலும் ஒரே நாளில் திறக்கப்பட்டது. அந்நியச் செலாவணிதான் அதன் சிறப்புத் துறை. கடல் தாண்டிப் பணம் அனுப்பியும் வாங்கியும் பழகிய சமூகத்துக்கு அது அடுத்த வீட்டுக்குப் போவது மாதிரி.

காரைக்குடி ஏ.வி. மெய்யப்பன் கதையும் இப்படித்தான். கிராமபோன் தட்டு விற்றார். எந்தப் பாட்டு விற்கும் என்று தெரிந்தது, தட்டுப் பதிவில் இறங்கினார். அப்புறம் படம். 1940-களில் காரைக்குடியிலேயே கொட்டகை போட்டுப் படப்பிடிப்பு நடத்தினார். ஒவ்வொரு அடியிலும் முந்தைய வேலையில் பாதியாவது கூடவே வந்தது.

ஒரு திறன் இன்னொன்றுக்கு எப்போது உதவும்

'சதுரங்கம் கற்றால் கணக்கு வரும், இசை கற்றால் மூளை கூர்மையாகும்' என்ற பேச்சை இங்கே நிறுத்திச் சோதிக்க வேண்டும்.

1. 1901-இலேயே தார்ன்டைக், உட்வொர்த் என்ற இரு உளவியலாளர்கள் இதைச் சோதித்தார்கள். ஒரு வகை வடிவத்தின் பரப்பை மதிப்பிடப் பழகியவர்கள் வேறு வகைக்குப் போனபோது, பழக்கத்தின் பலன் பெரிதாகக் கூடவே போகவில்லை. இரண்டு வேலைகளுக்கும் பொதுவான கூறுகள் எவ்வளவோ அவ்வளவுதான் ஒன்று மற்றதற்கு உதவும் என்பது அவர்கள் முடிவு. தட்டு விற்றது தட்டுப் பதிவுக்கு உதவியதும் இதனால்தான். தட்டு விற்றவர் நெசவுக்குப் போயிருந்தால் முதலிலிருந்துதான் தொடங்கியிருப்பார்.

2. பயிற்சிக்குள் கொஞ்சம் மாறுதல் இருந்தால் திறன் நன்றாக ஊன்றும். 1978-இல் கெர், பூத் இருவரும் பள்ளிப் பிள்ளைகளைச் சிறு மணிப்பையை இலக்கில் எறியச் சொன்னார்கள். ஒரு குழு 3 அடி தூரத்தில் மட்டும் பழகியது. இன்னொன்று 2 அடி, 4 அடி என்று மாற்றி மாற்றிப் பழகியது, 3 அடியில் எறியவே இல்லை. கடைசியில் 3 அடியில் வைத்த சோதனையில் ஜெயித்தது இரண்டாவது குழு. ஒரே தொழிலுக்குள் வேலையை மாற்றி மாற்றிச் செய்து பழகுவதற்கு இதைவிட நல்ல சான்று தேட வேண்டியதில்லை.

3. பயன்படுத்தாத திறன் துருப்பிடிக்கும். வாரம் ஒரு முறையாவது கைபடாத ஐந்து திறன்களை வைத்திருப்பவரிடம் உண்மையில் இருப்பது ஐந்து பழைய நினைவுகள்.

ஆத்தங்குடிப் பட்டறையில் 120 சதுர மீட்டர்

இப்போது ஒரு தொழிலை அருகில் போய்ப் பார்ப்போம். காரைக்குடிக்குப் பக்கத்து ஊரான ஆத்தங்குடியில் கையால் செய்யும் தரைக்கல்தான் ஆத்தங்குடி டைல்ஸ். அதற்குச் சூளை கிடையாது. ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டம். அதற்குள் பூவேலை அச்சை இறக்கி, அறை அறையாக வண்ண சிமெண்ட் கலவையைச் சின்னக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். அச்சைத் தூக்கும் கணம்தான் உயிர்நாடி. கை கொஞ்சம் நடுங்கினாலும் சிவப்பு பச்சைக்குள் போய்விடும். அதன் மேல் உலர்ந்த மணல் சிமெண்டைத் தூவி, பிறகு ஈரக் கலவையை வைத்து அழுத்தி மட்டம் தட்டி, காயவிட்டு, தண்ணீரில் ஊறப்போடுகிறார்கள். கண்ணாடி கழன்று வரும்போது மேற்பரப்பு பளபளவென்று இருக்கும்.

இது ஆண்டுக்கணக்கில் வரும் ஆழமான திறன். இதைக் குறுக்குவழியில் கற்க முடியாது, விட்டுக்கொடுக்கவும் கூடாது. ஆனால் இன்று பட்டறை நடத்துகிறவருக்கு வேலை இதோடு முடிவதில்லை. ஒரு கட்டட வடிவமைப்பாளர் கைபேசியில் '120' என்று அளவு அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் சொல்வது சதுர மீட்டர். பட்டறையில் புழங்குவது சதுர அடி. ஒரு சதுர மீட்டர் 10.76 சதுர அடி. எனவே தேவை ஏறத்தாழ 1,292 சதுர அடி. பத்துக்குப் பத்து அங்குலக் கல் என்றால் சதுர அடிக்கு 1.44 கல் வீதம் 1,860 கல். சதுர அடி என்று தவறாகப் பிடித்தால் 173 கல்லுக்கு விலை சொல்லி முன்பணமும் வாங்கியிருப்பார். தொழில் சுத்தமாகத் தெரிந்தும் நஷ்டம்.

கல் போடுவதோடு இவருக்குத் தேவைப்படுபவை: அளவு மாற்றத் தெரிவது, கட்டட வரைபடத்தைப் படிப்பது, நிறம் மாறாமல் படம் எடுப்பது, லாரியில் உடையாமல் அடுக்குவது, ஜிஎஸ்டி பில் போடுவது. எதிலும் மேதையாக வேண்டாம். ஏமாறாத அளவுக்குத் தெரிந்தால் போதும்.

செயற்கை நுண்ணறிவு உள்ளே நுழையும் இடமும் இதுதான். ஆங்கிலக் கடிதம், விலைப்பட்டியல், விளம்பர வாசகம் எல்லாம் அது சில நொடிகளில் எழுதித் தரும். தொடக்கநிலைத் திறன்களின் கூலி இதனால் இறங்கும். அதே நேரம், எழுதித் தந்ததில் 'சதுர அடி' என்று தப்பாக இருப்பதைக் கண்டுபிடிக்கிற கண்ணுக்கு மதிப்பு ஏறும். பெட்டியடியில் மேலாள் பையன் எழுதிய பேரேட்டை ஒரு பார்வை பார்த்துத் தப்பை விரலால் தொட்டுக் காட்டுவது மாதிரியான கண் அது.

பத்தில் ஒருவர் கணக்கு

கூட்டுத் திறனுக்கு ஏன் விலை கூடுகிறது என்பதை எளிய கணக்கால் பார்க்கலாம்.

1. ஒரு லட்சம் பேர் உள்ள ஊர் என்று வைப்போம். 2011 கணக்கெடுப்பில் காரைக்குடி அந்த அளவுதான்.
2. ஒரு வேலையில் பத்தில் ஒருவர் அளவுக்கு நல்லவர் என்றால் உங்களோடு 10,000 பேர் போட்டியில் இருக்கிறார்கள்.
3. தொடர்பில்லாத இன்னொரு திறனிலும் பத்தில் ஒருவர் என்றால் இரண்டும் சேர்ந்தவர்கள் 1,000. மூன்றாவதும் சேர்ந்தால் 100.
4. ஒரே திறனில் அந்த நூறு பேருக்குள் வர வேண்டுமானால் ஆயிரத்தில் ஒருவராக வேண்டும். அது பல ஆண்டு உழைப்பு, பலருக்கு அதுவும் போதாது.

கணக்கில் ஒரு ஓட்டை உண்டு, சொல்லிவிடுகிறேன். நல்ல பள்ளியில் படித்தவருக்கு ஆங்கிலமும் கணினியும் சேர்ந்தே வருகின்றன. அதனால் நிஜத்தில் 1,000 என்பது 3,000 ஆகவும் இருக்கலாம். அதோடு, அந்த மூன்றும் சேர்ந்த ஆளை விலை கொடுத்து வாங்க யாராவது வேண்டும். வீணை, வெல்டிங், வருமான வரி மூன்றும் தெரிந்தவர் அபூர்வம்தான். அவரை எதற்குக் கூப்பிடுவது?

கோட்டையூர் அழகப்பச் செட்டியாரை இங்கே எல்லோரும் உதாரணம் சொல்வார்கள். ஆங்கில இலக்கியப் பட்டம், லண்டனில் பாரிஸ்டர், விமானம் ஓட்டும் சான்று, ஆலை, காப்பீடு, கல்லூரிகள். 48 வயது நிறையும் முன்பே, 1957-இல் மறைந்தவர். அவரை மாணவர்களுக்கு முன்மாதிரியாகக் காட்டுவதில் எனக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு. தோற்றால் தாங்கும் மூலதனம் அவரிடம் இருந்தது. ஆனால் அவர் 300 ஏக்கரும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து வரவழைத்த மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தைப் பாருங்கள். வேதியியலும் மின்சாரமும் சந்திக்கும் எல்லையில் நிற்கும் துறை அது. 1953-இல் திறந்தபோது ஊருக்கு அது என்னவென்றே புரிந்திருக்காது. இன்று கைபேசியிலிருந்து மின்சார ஸ்கூட்டர் வரை பேட்டரி என்றால் அந்த எல்லைக்குத்தான் போக வேண்டும்.

கற்க யாருக்கு விட்டார்கள்

பெட்டியடிக் கல்வியைப் புகழும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. அது ஒரு சமூகத்துக்குள் மட்டும் திறந்த கதவு. அந்த அரண்மனை வீடுகளின் தேக்குத் தூணைச் செதுக்கிய, சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காயும் சேர்த்துச் சுவரைக் கண்ணாடியாக்கிய கைகளுக்குப் பேரேடு கற்றுத் தரப்படவில்லை. பிறப்பால் ஒரு தொழில் என்று கட்டிவைத்த ஊரில் 'பல திறன் கற்றுக்கொள்' என்பது எல்லோருக்கும் சொல்லப்பட்ட புத்திமதி இல்லை.

1953-இல் ராஜாஜி அரசு பள்ளி நேரத்தைக் குறைத்து, மிச்ச நேரத்தில் பிள்ளைகள் பெற்றோர் தொழிலைப் பழகட்டும் என்று திட்டம் கொண்டுவந்தது. பார்வைக்கு அதுவும் கூடுதல் திறன்தான். எதைக் கற்பது என்பதைப் பிறப்பு முடிவு செய்ததால் குலக்கல்வி என்ற பெயர் வந்தது. எதிர்ப்பு கிளம்பி, 1954-இல் காமராஜர் வந்ததும் திட்டம் போனது. கைவினைஞர்களுக்கு உதவும் ஒன்றிய அரசின் விஸ்வகர்மா திட்டத்துக்கும் (2023, 18 தொழில்கள்) தமிழக அரசின் கலைஞர் கைவினைத் திட்டத்துக்கும் (25 தொழில்கள்) நடுவே இப்போது நடக்கும் வாதத்தின் வேரும் இதுவே. பரம்பரையாகச் செய்யும் குடும்பமா என்று பார்க்கும் நிபந்தனையைத் தமிழகம் ஏற்கவில்லை.

எதைச் சேர்ப்பது

ஒரு பயிற்சிக்குப் பணம் கட்டும் முன் கேட்டுப் பார்க்க வேண்டியவை மூன்று.

1. இப்போதைய வேலையில் யாருக்காகக் காத்திருக்கிறேன்? அவர் செய்வதில் எளிய பாதியை நான் கற்க முடியுமா?
2. கற்றதை அடுத்த வாரமே பயன்படுத்த இடம் இருக்கிறதா?
3. தப்பினால் என்ன ஆகும்? வயரிங், மருந்து, வழக்கு இவற்றில் அரைகுறைத் திறன் ஆபத்து. அங்கே உரிமம் உள்ளவரைக் கூப்பிடுவதே உத்தமம்.

பட்டறைக் குடும்பத்திலிருந்து காரைக்குடிக்கு பி.காம் படிக்க வரும் ஒரு மாணவிக்கு இதைப் பொருத்தினால், வரைபடம் படிக்கவும் அளவு எடுக்கவும் சொல்லித்தரும் பயிற்சி முதலில் நிற்கும். ஏதோ ஒரு புது மென்பொருளின் பெயரில் வரும் சான்றிதழ் கடைசிக்குப் போகும். இரண்டாவது பட்டம் வேண்டுமென்றால், இரண்டையும் நேரில் போய்ப் படிக்கலாம், அல்லது ஒன்றைத் தொலைதூரக் கல்வியிலோ இணைய வழியிலோ படிக்கலாம் என்கிறது யூஜிசி. நேரில் என்றால் இரண்டின் வகுப்பு நேரமும் மோதக் கூடாது என்பது விதி. பேருந்து நேரம் மோதுமா என்பதை ஆத்தங்குடியிலிருந்து கிளம்புகிறவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.